வெயில் விழுகிற இடம்

“செருப்பைக் கழட்டிட்டு இது மேல ஏறி நில்லுங்க ஆன்ட்டி” என்றாள் விற்பனைப் பெண் லோஷினி.

ஜொகூர் பாருவில் அந்தப் பலகைக் கடையின் வாசலில், பன்னிரண்டு மணி வெயிலில், இரண்டு பலகைகள் கிடந்தன. கறுப்புப் பலகையில் வைத்த காலை யோகேஸ்வரி உடனே எடுத்துவிட்டாள். வெளிர் சாம்பல் நிறப் பலகையில் நிற்க முடிந்தது.

“ரெண்டும் ஒரே சரக்குதான் லா. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்றது. கறையான் அரிக்காது, மழையில உளுத்துப் போகாது. ஆனா வெயில் படுற இடம்னா கறுப்பு வேணாம், கால் வைக்க முடியாது. உங்க வீட்டுப் பின்பக்கம் நிழல் இருக்கா ஆன்ட்டி?”

“இருந்துச்சு.”

யோகேஸ்வரி பலகையை விட்டு இறங்கிச் செருப்பை மாட்டினாள். கணவர் திருச்செல்வம் அவள் தோளைத் தொட்டார். “விடு யோகேஸ். மறுபடியும் அதை நினைக்காத.”

கூலாயில் அவர்கள் வீட்டுப் பின்புறம் பதினெட்டு வருஷமாக ஒரு மாமரம் நின்றது. கன்றைக் கொண்டுவந்து கொடுத்ததே பக்கத்து வீட்டு ஜெயபாலன்தான். அவனுக்குச் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர் வேலை, பத்துப் பேரை மேய்க்கிற பொறுப்பு. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாத யோகேஸ்வரிக்கு, வேலிக்கு மேலே தலையை நீட்டி “அக்கா” என்று கூப்பிடுகிற அவன்தான் தம்பி. அவன் மகள் ரூபினி பரீட்சைக்கெல்லாம் படித்தது அந்த மரத்தடியில்தான்.

தைப்பூசம் முடிந்த கையோடு மரம் வாடத் தொடங்கியது. தண்ணீர் ஊற்றினாள், உரம் வைத்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. ஒருநாள் காலையில் திருச்செல்வம் அவளைக் கூப்பிட்டு அடிமரத்தைக் காட்டினார். விரல் நுழைகிற அளவுக்கு நான்கு ஓட்டைகள். உள்ளே மருந்து வாடை.

“களைக்கொல்லி ஊத்தியிருக்காங்க. தோட்டத்துல வேலை செய்றவங்க கையிலதான் இது சுலபமா கிடைக்கும்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “இலை விழுந்து கூரைக் குழாய் அடைக்குதுன்னு அவன் ரெண்டு தடவை சொன்னான்ல” என்றார்.

ஜெயபாலன் கேட் வரைக்கும் வந்து நின்றான். “என் பிள்ளை மேல சத்தியமாக்கா, நான் அந்த மரத்தைத் தொடல.” அவன் முகத்தைப் பார்க்காமலே யோகேஸ்வரி கதவைச் சாத்தினாள். வேறு யாராவது செய்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பாள். கன்றைக் கொடுத்த கையே கொன்றுவிட்டது என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

போன மாதம் ரூபினிக்குக் கல்யாணம். அத்தை முறைக்கு மணமேடையில் நிற்க வேண்டியவள் யோகேஸ்வரி. பெண்ணைக் காரில் ஏற்றுகிற சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து கேட்டபோது, அவள் எல்லா ஜன்னலையும் மூடிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். திருச்செல்வம் தேநீர் கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்றைக்குத்தான் அவர் சொன்னார், “மரத்தை வெட்டின இடத்தையே பாத்துப் பாத்து அழுவுற. மேல பலகை அடிச்சு, உக்கார்ற மாதிரி ஒரு டெக் போட்டுடலாம். உனக்கும் மனசு ஆறும்.” எப்போதோ அவர் ஆசைப்பட்டதுதான். மரத்தை எடுக்க வேண்டும் என்பதால் அவள் அப்போது ஒத்துக்கொள்ளவில்லை. இனி எதற்கு மறுப்பு என்று சரி என்றுவிட்டாள்.

வெளிர் சாம்பல் நிறமே முடிவாயிற்று. உள்ளே மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள்.

“நம்ம காடி வழியை மறைக்குது போல. தள்ளிப் போட்டுட்டு வர்றேன்” என்று திருச்செல்வம் எழுந்து போனார்.

“போன் நம்பர் சொல்லுங்க ஆன்ட்டி. உத்தரவாதத்துக்குப் பதியணும்.”

யோகேஸ்வரி கணவரின் எண்ணையே சொன்னாள். எல்லாவற்றுக்கும் அவர் எண்ணைக் கொடுத்துத்தான் அவளுக்குப் பழக்கம்.

தட்டிக்கொண்டிருந்த லோஷினி திரையைப் பார்த்துச் சிரித்தாள். “அங்கிள் பேரு ஏற்கெனவே இருக்கே. முன்னாடியே வந்து விசாரிச்சிருக்காங்க.”

யோகேஸ்வரிக்கு மனசு இளகியது. தனக்காக இவ்வளவு மெனக்கெட இவர் ஒருவராவது இருக்கிறாரே. “என்கிட்டச் சொல்லவே இல்ல பாரு. எப்ப வந்தாரு, போன வாரமா?”

“இல்ல ஆன்ட்டி. போன வருஷம் செப்டம்பர்ல. இப்ப சொன்ன அதே அளவு, இருபதுக்குப் பன்னிரண்டு அடிதான்.”

“செப்டம்பர்லயா?” அவள் நாற்காலியில் நிமிர்ந்தாள். “அப்ப மரம் நல்லா இருந்துச்சேம்மா. நிழலுக்கு ஏத்த பலகையா கேட்டிருப்பாரு.”

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு திருச்செல்வம் உள்ளே வந்தார். லோஷினி அவரைக் கவனிக்காமல் திரையில் இருந்ததை அப்படியே படித்தாள்.

“வெயிலுக்குத்தான் கேட்டிருக்காங்க ஆன்ட்டி. ‘இப்ப ஒரு மரம் இருக்கு, போடும்போது இருக்காது’ன்னு அங்கிள் சொன்னதா எழுதியிருக்கு.”