வெற்றி பனியன்

போர் தொடங்கிய திங்கட்கிழமையே இரண்டு வல்லரசுகளும் திருப்பூர் கம்பெனிக்கு மெயில் அனுப்பிவிட்டன. வெற்றி விழாவில் மக்கள் போட்டுக்கொள்ள, 'ஜெயிச்சுட்டோம்' என்று அச்சடித்த பனியன், நாட்டுக்கு ஒரு கோடி பீஸ். தலைவர்கள் போட்டுப் பார்ப்பதற்கு நாட்டுக்கு ஆறு சாம்பிள் தைக்கக் கொடுத்துவிட்டு, கட்டிங் மாஸ்டர் நாச்சிமுத்து துணியை விரித்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் முதலாளியம்மா பரிமளா போனோடு வந்தார்.

"மாஸ்டர், நாப்பது லட்சம் போதுமாமுங்க."

"எந்த நாட்டுக்காரனுக்குங்க?"

"ரெண்டு பேருக்குந்தான்."

"துணி மலையாட்டம் கெடக்குது, வெளையாடறானுங்களா?" என்று இரண்டு நாட்டையும் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினார் நாச்சிமுத்து.

புதன்கிழமை அது இரண்டு லட்சமானது. அதற்கும் திட்டினார். வியாழக்கிழமை குழந்தைகள் சைஸை மொத்தமாக ரத்து செய்தார்கள். அன்று மட்டும் அவர் திட்டாமல், வெட்டி வைத்திருந்த சின்னத் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து ஓரமாக வைத்தார்.

சனிக்கிழமை பரிமளா மெதுவாக நடந்து வந்தார்.

"போர் முடிஞ்சுதாமுங்க மாஸ்டர். ரெண்டு பேருமே ஜெயிச்சுட்டாங்களாம். நாட்டுக்கு ஆறு பீஸ் போதுமாம்."

நாச்சிமுத்து கட்டிங் மிஷினை நிறுத்தினார்.

"அப்ப வெட்டறதுக்கு ஒண்ணுமில்லீங்க. அந்த சாம்பிளையே அனுப்பி விடுங்க."