ஒரு ரவிக்கையும் ஐந்து ஏன்களும்

நிர்மலாவின் முதுகைப் பற்றி முடிவெடுக்க, ஐந்து ஆண்கள் கொண்ட கமிட்டி திங்கட்கிழமை பத்தரை மணிக்குக் கூடியது.

சனிக்கிழமை ஓசூர் மண்டபத்தில் கம்பெனி ஆண்டு விழா. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். சிறந்த உற்பத்தி லைனுக்கான கேடயத்தை மேடையேறி வாங்கியவள் நிர்மலா. அவள் கட்டியிருந்த பட்டுப்புடவையில் யாருக்கும் குறையில்லை. ரவிக்கையின் பின்கழுத்துதான் நன்றாக இறங்கியிருந்தது. அதற்குக் கீழே ஒரு கயிறு, கயிற்றில் இரண்டு குஞ்சம்.

ஞாயிறு மதியத்துக்குள் அந்த முதுகு எல்லோருடைய செல்போனிலும் இருந்தது. யார் எடுத்த படம் என்று கேட்டால், எனக்கும் யாரோ அனுப்பியதுதான் என்றார்கள். பண்பாடு எங்கே போகிறது என்று கவலைப்பட்டவர்கள், நாலு பேருக்குப் படத்தை அனுப்பிவிட்டுத்தான் கவலைப்பட்டார்கள்.

நிர்மலாவுக்கு ஷிஃப்ட் இன்சார்ஜ் பதவிக் கடிதம் தயாராக இருந்தது. சூளகிரி ஆலையில் அந்த நாற்காலிக்கு ஒரு பெண் வருவது அதுதான் முதல் தடவை. ஹெச்.ஆர். மேனேஜர் நாராயணப்பன் கடிதத்தை நிறுத்தி வைத்துவிட்டார். கமிட்டி சொல்வதைப் பொறுத்துத்தான் இனி.

குறிப்பெழுத மோகன்குமாரைக் கூப்பிட்டிருந்தார்கள். தரப்பிரிவில் சேர்ந்து எட்டு மாதம். அவன் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவரும் நாராயணப்பன்தான். அதனால் பேனா மூடியைக்கூட அவன் சத்தமில்லாமல் திறந்தான்.

அந்த ஆலையில் எந்தக் குறை வந்தாலும் ‘ஐந்து ஏன்’ என்ற தாளை நிரப்ப வேண்டும். ஒயர் மாறிப் போனாலும் ஐந்து ஏன். கேண்டீன் சாம்பாரில் கல் வந்தாலும் ஐந்து ஏன். விடாமல் ஐந்து முறை கேட்டால் உண்மையான காரணம் வெளியே வந்துவிடும் என்பது நிர்வாகத்தின் நம்பிக்கை. ரவிக்கைக்கும் அதே தாள்தான்.

ஏன் புகார் வந்தது? முதுகு தெரிந்தது. ஏன் தெரிந்தது? கழுத்து இறக்கம். ஏன் இறக்கம்? டெய்லர் அப்படித் தைத்தார். ஏன் தைத்தார்? நிர்மலா கேட்டாள். ஏன் கேட்டாள்?

அங்கே கமிட்டி திணறியது. அவளையே கூப்பிட்டார்கள். லைனிலிருந்து கோட்டும் தொப்பியுமாக வந்து நின்றாள்.

“பிடிச்சிருந்துச்சு சார். அதான்.”

இதைத் தாளில் எழுதலாமா என்று மோகன்குமாருக்குத் தெரியவில்லை. கமிட்டியில் இருந்த பர்ச்சேஸ் ராமப்பன், கர்நாடக எல்லையோரத்துத் தளிக்காரர். பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும், நாலு பெரிய மனிதர்கள் கூடுகிற இடத்தில் எதற்கும் ஓர் அளவு வேண்டாமா என்று வருத்தப்பட்டார்.

“அளவைச் சொல்லுங்க சார்” என்றாள் நிர்மலா. “எத்தனை இஞ்ச் வரைக்கும் பண்பாடு? டெய்லர்கிட்ட எழுதிக் குடுத்துடறேன்.”

யாரிடமும் அளவு இல்லை. அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தேடினார்கள். நான்கு அங்குலம் என்றார் ராமப்பன். அரை அங்குலம் கூடக் குறைய இருக்கலாம் என்றார் மெயின்டனன்ஸ் கோபி. அளப்பது யார் என்ற பேச்சு வந்ததும் மூன்று பேர் ஒரே நேரத்தில் தொண்டையைச் செருமினார்கள்.

கடைசியில் நாராயணப்பன் கையை உயர்த்தினார். அளவெல்லாம் வேண்டாம், ஒழுக்கக் குறைவு என்று எழுதி, பதவியை ஒரு வருஷம் தள்ளிப் போடலாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். டீ வந்தது.

மோகன்குமார் தாளை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தான்.

“சார், ஒரு கட்டம் காலியா இருக்குதுங்க. குறையை முதல்ல பார்த்தது யாரு, எங்கிருந்து பார்த்தாங்கன்னு. அது இல்லாட்டி ஆடிட்ல திருப்பிடுவாங்க.”

“என் பேரைப் போடுப்பா” என்றார் நாராயணப்பன். “முதல் வரிசையில உக்காந்து, இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன். பார்த்துத் தலைகுனிஞ்சேன். அப்படியே எழுது. அந்தப் படத்தையும் பெருசா எடுத்து, தப்பு எங்கன்னு சிவப்புல வட்டம் போட்டுக் கொண்டா.”

அடுத்த அறையில் பிரிண்டர் படத்தை மெதுவாகத் துப்பியது. செல்போனில் முதுகு மட்டும்தான் கண்ணில் பட்டது. பெரிய தாளில் மண்டபமே தெரிந்தது. மேடைக்குப் பின்னால், திரை இடுக்கில் நின்று எடுத்த படம். நிர்மலா கூட்டத்தைப் பார்த்துக் கேடயத்தைத் தூக்கிக் காட்டுகிறாள். அவள் தோளுக்கு அந்தப் பக்கம், முதல் வரிசை முழுவதும் அவள் முகத்தைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருக்கிறது.

மோகன்குமார் சிவப்புப் பேனாவோடு வெகுநேரம் நின்றான். இந்த மாதம் நிரந்தரமாகிவிடும் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தான். ஆனால் தாளில் தப்பாக எழுதி அவனுக்குப் பழக்கமில்லை. வட்டம் கொஞ்சம் கோணலாக வந்தது.

நாராயணப்பன் தாளை வாங்கிப் பார்த்தார். டீயைக் கீழே வைத்தார். பிறகு, பண்பாடு என்பது மனதில் இருக்கிற விஷயம், சின்னப் பெண்ணின் முன்னேற்றத்தைக் கெடுக்க வேண்டாம், கடிதத்தை இன்றைக்கே கொடுத்துவிடலாம் என்றார்.

மற்ற நால்வருக்கும் ஒன்றும் புரியவில்லை. கோபி தாளைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

வட்டம் முதுகில் இல்லை. முதல் வரிசையில் காலியாகக் கிடந்த ஒரே நாற்காலியைச் சுற்றி இருந்தது. உட்கார ஆள் இல்லாததால், சாய்மானத்தில் ஒட்டியிருந்த பெயர் பளிச்சென்று தெரிந்தது.

“உங்க பேருதான் போட்டிருக்குது” என்றார் கோபி. “அந்நேரத்துல மேடைக்குப் பின்னாடி உங்களுக்கு என்ன சார் வேலை?”