சைக்கிள் பழகும் ஜெனிட்டா

கண்ணில் அழுத்த நோய் முற்றிவிட்டது, மிஞ்சியிருக்கும் பார்வை ஒரு மாதம் தாங்கினால் பெரிது என்று லில்லிபுஷ்பத்திடம் டாக்டர் சொன்ன மறுநாளே, அவள் கணவர் ஞானதுரை டிவியில் வீடியோ ஓட்டும் மீடியா பிளேயர் பெட்டி தேடிக் கடை கடையாக அலையத் தொடங்கினார். பன்னிரண்டு வயதில் காய்ச்சலில் இறந்துபோன மகள் ஜெனிட்டா சைக்கிள் பழகிய வீடியோ ஒரு பழைய ஹார்டு டிஸ்கில் இருந்தது. செல்போன் திரையில் லில்லிபுஷ்பத்துக்கு இப்போதெல்லாம் எதுவும் தெரிவதில்லை. டிவியில் பெரிதாக வந்தால் முகமாவது பிடிபடும் என்றாள். முதலில் வாங்கிய பெட்டி அந்த ஃபைலைத் திறக்கவே இல்லை. அடுத்தது பாதியில் உறைந்து நின்றது. அதற்குள் மூன்று வாரம் போய்விட்டது.

"ரொம்பப் பழைய கேமரா ஃபைல் சார். எதுல ஓடும்னு எனக்கே தெரியல," என்றார் கடைக்காரர்.

"இருக்கிற எல்லாத்துலயும் போட்டுப் பாருங்க." ஞானதுரையின் குரல் கெஞ்சியது.

ஐந்தாவது பெட்டியில் படம் ஓடியது. சத்தம் மட்டும் வரவில்லை. இது போதும் என்று வாங்கிக்கொண்டு ஓடினார்.

லில்லிபுஷ்பம் நாற்காலியை டிவிக்கு ஒரு முழத் தூரத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மைதானத்தில் ஜெனிட்டா தள்ளாடி வந்தாள். விழப்போய், சமாளித்து, கேமரா பக்கம் குனிந்து சிரித்தாள். திரை முழுக்க அவள் முகம். ஞானதுரை மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஆசையாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இன்னும் வரலையா?"

அவர் ரிமோட்டை எடுத்தார். "இப்ப வந்துரும்மா," என்று சொல்லி, வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டார்.