விருந்தாளி, அந்நியர்

ஊர் எவ்வளவு பயந்திருக்கிறது என்று இயந்திரம் அளந்து, அதற்கேற்றபடி எழுதும் பிரசங்கம் சர்ச் திரையில் வரும். அதை வாசிப்பதுதான் போதகர் ஞானசிகாமணிக்கு இப்போது வேலை. போன ஞாயிறு பயம் குறைவு. "வீடிழந்து வருகிறவர் உங்கள் விருந்தாளி, கதவைத் திறங்கள்" என்று வந்தது. வாசித்தவர் அதை நம்பியும்விட்டார். கடலுக்கு ஊரைப் பறிகொடுத்து வந்த செண்பகத்தை அன்றே கூட்டிவந்து தன் வீட்டுப் பின்னறையில் தங்கவைத்தார்.

இந்த ஞாயிறு பயம் உச்சத்தில் இருந்தது. அதே வரிதான் வந்தது. 'விருந்தாளி' இருந்த இடத்தில் 'அந்நியர்' இருந்தது. கதவைப் பூட்டச் சொன்னது. அதையும் வாசித்தார். முன்வரிசையில் செண்பகம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் மனைவி பியூலாவிடம், "ஒரே வாரத்துல ஊருக்கு என்ன வந்துச்சு? எதுக்கு இவ்வளவு பயம்?" என்று கேட்டார்.

"நம்ம வீட்டுல யாரோ வந்து தங்கியிருக்காங்கன்னுதான்" என்றாள் பியூலா. "இப்ப அவளுக்குச் சோறு போடவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க."

தான் போன வாரம் பேசிய ஆளா, இன்று பேசிய ஆளா என்று அவருக்கே பிடிபடவில்லை. பியூலாவோடு வீட்டுக்கு வந்தார். கேட் உள்பக்கமாகப் பூட்டியிருந்தது.

முன்னமே வந்துவிட்ட செண்பகம் சாவியோடு ஓடிவந்தாள்.

"நீங்க சொன்னபடியே பூட்டிட்டேன் ஐயா. அந்த அந்நியரு பார்க்க எப்படி இருப்பாங்க?"