ரோசம்மாளுக்குப் பக்கத்து இடம்

“ஃபாதர், எங்க நைனா பரம்பரை வேதக்காரரு. அவருக்குப் போய் ஞானஸ்நானத்துக்கு ஆதாரம் கேக்குறீங்களே?”

மோனிகா ஃபாதரை மறித்துக்கொண்டு கேட்டாள். மணி இரண்டு. நான்கு மணிக்கு அடக்கப் பூசை. வாசல் பந்தலில், ஐஸ் பெட்டிக்குள் அப்பா ராஜமாணிக்கம், எண்பத்திரண்டு வயது, விரல்களில் ஜெபமாலையோடு படுத்திருந்தார்.

பங்குக் கோயிலுக்கு வந்து ஆறு மாதமே ஆன ஃபாதர் தர்மசங்கடமாக நெற்றியைத் தேய்த்தார். சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஊரில் ஜனம் பெருகி, கல்லறைத் தோட்டத்தில் இடம் சுருங்கிவிட்டது. ஞானஸ்நான விவரம் இல்லாதவர்களை அங்கே புதைப்பதில்லை என்று பங்குப் பேரவை தீர்மானம் போட்டிருக்கிறது. ராஜமாணிக்கத்தின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவருக்குக் கல்யாணம் நடந்த கோயிலின் ஏடுகள் எப்போதோ ஒரு வெள்ளத்தில் போய்விட்டன.

“நடந்தத நேர்ல பார்த்தவங்க ஒருத்தர் சொன்னாக்கூடப் போதும்மா. எழுதிடுறேன்” என்றார்.

எண்பத்திரண்டு வயதுக்காரரின் ஞானஸ்நானத்தைப் பார்த்தவர் யார் இன்னும் உயிரோடு இருக்கப்போகிறார்? மோனிகாவுக்கு ஆத்திரமாக வந்தது. இரும்பு ஆலையில் ராத்திரி ஷிப்ட் முடித்து, தூங்காமல் நேரே பூசைக்கு வந்து நிற்பாரே, அவருக்கா இந்தக் கேள்வி? ஜெபம் சொல்லாமல் சோற்றில் கை வைத்த பிள்ளையின் தட்டைப் பிடுங்கி வைத்தவருக்கா? அம்மா ரோசம்மாளைப் புதைத்த அன்றே பக்கத்து இடத்தைக் காட்டி, “இது என்னோடது” என்று சொல்லிவிட்டார். ஐந்து வருஷமாக வாராவாரம் போய் அங்கே புல் பிடுங்கினார். அந்த இடம் கை நழுவிப் போனால் அவள் அப்பா முகத்தில் எப்படி விழிப்பாள்?

உறவுக்காரர்கள் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டாள். ஒருத்தருக்கும் தெரியவில்லை. தம்பி ஸ்டீவன் தேர்வாய் கண்டிகையிலிருந்து வந்துகொண்டே இருக்கிறானாம், வழியெல்லாம் கண்டெய்னர் லாரியாம். வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்து நடந்து அவளுக்குக் கால் கடுத்தது.

போதாக்குறைக்கு அந்தக் குப்பம்மாள் வேறு. நெற்றி நிறையத் திருநீறோடு, ஐஸ் பெட்டியை ஒட்டி உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறாள். கடம்பத்தூர்ப் பக்கத்துக் கிழவி, அப்பாவை விட நாலைந்து வயது மூத்தவள். ‘அக்கா, அக்கா’ என்று அப்பா உருகுவார். ஈஸ்டருக்கு ஈஸ்டர் புடவை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவார். சொந்தமா, பந்தமா? கேட்டால் அம்மாகூடச் சிரித்து மழுப்பிவிடுவாள். மோனிகாவுக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

“அத்தே, ஃபாதர் வந்து ஜெபம் பண்ணணும். கொஞ்சம் அப்பால போய்க் குந்து” என்றாள், காலையிலிருந்து மூன்றாவது முறையாக.

குப்பம்மாள் எழுந்தாள். ஆனால் அப்பால் போகவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு நேரே ஃபாதரிடம் போனாள்.

“சாமி, பார்த்தவங்க சொன்னா எழுதிப்பியா?”

ஃபாதர் நிமிர்ந்தார்.

“இவன் பொறந்தது எங்க தெருவு. மாரியாத்தாளுக்குக் கூழ் ஊத்துற ஊடு. இருவது வயசுல வாந்தி பேதி வந்து, நான் ஆயா வேலை பாத்த சிஸ்டருங்க ஆஸ்பத்திரில கெடந்தான். பொழைக்க மாட்டான்னு கைய விரிச்சிட்டாங்க. அப்பவே ரோசம்மா மேல உசுரு அவனுக்கு. ‘அக்கா, செத்தா அவ போற எடத்துக்கே நானும் போவணும், எனக்கும் தண்ணி ஊத்தச் சொல்லு’ன்னு அழுதான்.”

மோனிகா போனைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

“எந்த ஃபாதர் வந்து ஞானஸ்நானத் தண்ணி ஊத்தினார்?” என்று ஃபாதர் கேட்டார்.

“யாரும் வர்ல சாமி. சிஸ்டருங்களும் இல்ல. அவங்க இன்னா சொல்லி ஊத்துவாங்களோ அத்தையே சொல்லி, அவங்க செய்யறா மாதிரியே நான் செஞ்சேன். சாமி கும்புடுறவ ஊத்துனத ஒத்துக்குவாங்களோ இன்னாவோன்னு, அவன், ரோசம்மா, நான், மூணு பேரும் வாயே தொறக்கல.”

சாவு நேரத்தில், திருச்சபை செய்வதையே செய்கிற மனசோடு வேதக்காரர் அல்லாதவர் ஊற்றினாலும் ஞானஸ்நானம் செல்லும் என்று சொல்லிவிட்டு, ஃபாதர் கையோடு கொண்டுவந்திருந்த பதிவேட்டைப் பிரித்தார். ராஜமாணிக்கத்தின் பெயரைப் புதிதாக எழுதி, அதற்கு நேரே, வழக்கமாகக் குருவானவர் பெயர் எழுதும் கட்டத்தில், ‘குப்பம்மாள்’ என்று நிறுத்தி எழுதினார்.