தியேட்டர் பிரின்ட்

குயிலாப்பாளையத்திலிருந்து சிவப்பிரகாசம் ஒரு அட்டைப்பெட்டியை என் கடைக்குத் தூக்கி வந்தார். உள்ளே பழைய பேய்ப்பட டிஸ்க்குகள் நாற்பது, இரண்டு ஸ்பீக்கர், ஒரு கீபோர்டு. பழைய கம்ப்யூட்டர் சாமான் வாங்கி விற்கும் என்னிடம் மரக்காணத்தில் யாரும் கதைவிட முடியாது. கீபோர்டைக் கவிழ்த்தேன். உப்புக் காற்றில் திருகாணியெல்லாம் துரு.

“இது தேறாது. படமாவது ஒரிஜினலா?”

“சத்தியமா ஒரிஜினல்தான்க்கா. இந்தப் படத்துக்குப் பைத்தியமா அலையிறாங்க.”

அவர் கொண்டுவந்த ஸ்பீக்கரையே கடைக் கம்ப்யூட்டரில் மாட்டி ஒரு டிஸ்க்கை ஓடவிட்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தியேட்டரில் கேமராவை ஒளித்து வைத்து எடுத்த திருட்டு பிரின்ட். விசில், இருமல், முன்வரிசைத் தலைகள், எல்லாம் இருந்தன. ஏழாவது நிமிடத்தில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் எழுந்து நின்று திரையை மறைத்தார்.

“யோவ், உக்காருய்யா!” என்று கத்தினேன்.

படத்திலிருந்த வழுக்கைத் தலைக்காரர் திரும்பி என்னை முறைத்துவிட்டு உட்கார்ந்தார்.

முதலிலிருந்து மறுபடி ஓட்டினேன். இந்த முறை அவர் எழவே இல்லை.

“யாரை ஏமாத்துற? எல்லாத்தையும் எடுத்துட்டுக் கிளம்புய்யா!”

டிஸ்க்கை வெளியே எடுத்துக்கொண்டு, ஸ்பீக்கர் வயரைப் பிடுங்குவதற்காக மானிட்டர் முன்னால் எழுந்து நின்றேன்.

“ஏம்மா, மறைக்குதில்ல? உக்காரும்மா!” என்று ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல் அதட்டியது. பின்னாலேயே தியேட்டர் முழுக்க விசிலடித்தது.

சிவப்பிரகாசம் சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கையைப் பார்த்தேன். டிஸ்க் என்னிடம்தான் இருந்தது.

நானும் உட்கார்ந்தேன்.