யார் கொடுத்தது?

"உங்களை நம்பித்தானேம்மா பொண்ணை விட்டுட்டுப் போனோம்? ஹாஸ்டல் நடத்துறீங்களா, போதை வியாபாரம் பண்றீங்களா?"

மனநலப் பிரிவின் தாழ்வாரத்தில் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வார்டனம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. பதினெட்டு வருஷமாகப் பெண்கள் விடுதியைக் கட்டிக் காப்பவர். இப்படி ஒரு சொல் அவர் மேல் விழுந்ததில்லை.

"சார், கொஞ்சம் மெதுவா..."

"எதுக்கு மெதுவா? நான் ஒரு தலைமை ஆசிரியர். ரெண்டாயிரம் பிள்ளைங்களைக் கட்டி மேய்க்கிறேன். போன மாசம்தான் போதை ஒழிப்பு ஊர்வலத்துல முன்னால நடந்தேன். என் பொண்ணுக்கே இந்தக் கதின்னா நாலு பேர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

பக்கத்தில் அவர் மனைவி தரையைப் பார்த்தபடி நின்றாள்.

வார்டனம்மா மணிக்கட்டை முந்தானையால் மூடிக்கொண்டார். ஆட்டோவில் வரும்போது அந்தப் பெண் கடித்த இடம் இன்னும் விண்விண்ணென்று தெறித்தது.

சட்டம் முடித்துவிட்டு நீதிபதித் தேர்வுக்குப் படிக்கிறவள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவள். இன்று காலை அறைத்தோழியை வெளியே தள்ளித் தாழ் போட்டுக்கொண்டாள். கதவை உடைத்துத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. ஜன்னல் இடுக்கு, சாவித் துவாரம், பிளக் ஓட்டை, எல்லாவற்றிலும் பஞ்சு.

"என் மண்டைக்குள்ள இருக்கிற பதிலையெல்லாம் திருடுறாங்க மேடம். இவதான் ஆள் அனுப்புறா!" என்று தோழியைக் காட்டி அலறினாள்.

ஒரு வாரமாக அவள் அறையில் விளக்கு அணையவில்லை என்று வார்டனம்மாவுக்குத் தெரியும். அதைச் சொல்லித்தான், "அவளைப் பார்த்துக் கத்துக்கோங்கடி" என்று மற்ற பெண்களைக் கடிந்திருந்தார். ஆட்டோ ஏறுமுன் தோழியைப் பிடித்து உலுக்கியும் பார்த்தாயிற்று. "சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்" என்று அவள் தேம்பியதை நம்பவும் இல்லை.

டாக்டரம்மா வெளியே வந்தார். கையில் காலியான மாத்திரை அட்டை.

"பொண்ணு பையில இருந்தது. இதே மாதிரி எட்டு அட்டை."

"பார்த்தீங்களா! இதைக் குடுத்தவனைத் தூக்குல போடணும் டாக்டர். போலீசைக் கூப்பிடுங்க!"

"இது ஒளிச்சு விக்கிற சரக்கு இல்ல சார். கவனக் குறைபாடு இருக்கிறவங்களுக்கு நாங்களே எழுதிக் கொடுக்கிறது. தேவைப்படறவங்களுக்கு, அளவா, எங்க மேற்பார்வையில கொடுத்தா நல்ல மருந்து. தேவையே இல்லாம, தூங்காம படிக்கணும்னு அள்ளிப் போட்டா, இல்லாத குரல் கேட்க ஆரம்பிக்கலாம். எல்லாருமே எதிரியாத் தெரியலாம். உங்க பொண்ணுக்கு ஆனது அதுதான்னு நினைக்கிறேன்."

"சரியாயிடுமா?" என்றார் தலைமை ஆசிரியர்.

"மாத்திரையை நிறுத்தி, வைத்தியம் பார்த்து, நல்லாத் தூங்க வச்சா நிறையப் பேருக்குத் தெளிஞ்சுடும். சில பேருக்கு நோய் அப்படியே தங்கிடும். இவ எந்தப் பக்கம்னு இப்ப நான் சத்தியம் பண்ண முடியாது. எத்தனை நாளா, நாளைக்கு எத்தனைன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

தலைமை ஆசிரியரின் விரல் வார்டனம்மாவை நோக்கி நீண்டது.

"இவங்களைக் கேளுங்க. இவங்க கண்ணு முன்னாலதானே நடந்திருக்கு!"

வார்டனம்மா வாயெடுக்குமுன் வேறொரு குரல் வந்தது.

"எட்டு மாசம். முதல்ல காலையில ஒண்ணுதான். இப்ப கொஞ்ச நாளா காலையில ரெண்டு, சாயந்திரம் ரெண்டு."

பெண்ணின் அம்மா. அப்போதும் தலை நிமிரவில்லை.

"நீ சும்மா இருடி!"

"எப்படிங்க சும்மா இருப்பேன்? பார்சல் கட்டினது இந்தக் கைதானே?"



வார்டனம்மாவுக்கு முகம் கொதித்தது. மாதம் தவறாமல் வந்த அந்தப் பார்சல்களைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அவர். "குடுத்து வச்சவடி நீ! எப்படிப்பட்ட அப்பா அம்மா!" என்று அவளிடம் நீட்டியவரும் அவர்தான்.

"ஏன் சார், இவ்வளவு நேரம் என்னை இத்தனை பேர் முன்னால சந்தி சிரிக்க வச்சீங்களே, உங்களுக்கே இது அடுக்குமா? அந்தப் பச்சப் பொண்ணை, கூடத் தங்கினவளை, நான் இல்லாததும் பொல்லாததும் பேசிட்டு வந்திருக்கேனே!"



"டாக்டர் சீட்டு இல்லாம எப்படி வாங்கினீங்க?" டாக்டரம்மாவின் குரலும் ஏறியிருந்தது.

"என்கிட்டப் படிச்சவன் ஒருத்தன் மருந்துக்கடை வச்சிருக்கான். ஞாபக சக்திக்கு நல்லதுன்னான். பரீட்சை வரைக்கும்தானேன்னு..."

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வார்டனம்மாவின் கோபம் கொஞ்சம் இறங்கியது. எத்தனை திட்டினாலும் பெற்ற மனசு. இனி ஆயுசுக்கும் இந்த மனுஷனுக்கு இதுவே தண்டனை என்று தோன்றியது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மனைவி இந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, டாக்டரம்மாவை நெருங்கிக் குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டர், ஒரே ஒரு சந்தேகம். சின்னவளுக்கு அடுத்த மாசம் பரீட்சை. அவளுக்குப் பாதிப் பாதியாத்தான் குடுத்துட்டு வர்றேன். பாதின்னா ஒண்ணும் ஆகாதில்ல?"